பொறுப்பில் இருப்போரின் முஹாஸபா

தொழுகையைப் பேணி வருகிறார். ரமளான் நோன்பு ஒன்றுகூடத் தவறுவதில்லை. ஜகாத்தைக் கணக்குப் பார்த்து உரியவர்களிடம் சேர்த்துவிடுகிறார். ஆயினும் ஆலையின் வாயிலைத் தாண்டி உள்ளே போய்விட்டால் அவர் வாயிலிருந்து வரும் சொற்களைக் கேட்கக் காது கூசும். தமக்குக் கீழே வேலை செய்யும் ஹெல்பரைத் தாயைச் சொல்லி ஏசுகிறார். நாலு பேர் முன்னிலையில் தலைகுனிய வைக்கிறார். "இப்படிப் பேசாவிட்டால் இங்கே வேலை நடக்காது" என்று தமக்குத் தாமே சமாதானமும் சொல்லிக்கொள்கிறார். மாலையில் பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்கிறார்.

நாளை மறுமையில் இவருடைய நிலை என்ன?

உண்மையான ஓட்டாண்டி யார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் தோழர்களிடம் கேட்டார்கள். காசும் பொருளும் இல்லாதவன்தான் என்று தோழர்கள் பதில் சொன்னார்கள். பெருமானார் (ஸல்) அவர்களோ வேறொருவனை அடையாளம் காட்டினார்கள். அவன் தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றோடும் மறுமைக்கு வருவான். ஆனால் ஒருவனை ஏசியிருப்பான்; ஒருவன்மீது பழி சுமத்தியிருப்பான்; ஒருவனை அடித்திருப்பான். அவர்களுக்கெல்லாம் இவனுடைய நன்மைகள் பங்கிட்டுக் கொடுக்கப்படும். நன்மைகள் தீர்ந்துபோனால் அவர்களுடைய பாவங்கள் இவன் தலையில் ஏற்றப்படும். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்த ஹதீஸின் கருத்தைக் கேட்ட பிறகும், பொறுப்பில் இருக்கும் ஒருவர் நிம்மதியாகத் தூங்க முடியுமா?

அல்லாஹ்வுக்குரிய கடமைகளில் நாம் செய்யும் குறைகளை அவன் தன் கருணையால் மன்னிக்கலாம். அடியார்களின் உரிமையான ஹக்குல் இபாதோ, உரியவர் மன்னிக்காதவரை கழுத்தை விட்டு இறங்காது. பத்துப் பேருக்கு மேலாளாக இருப்பவருக்குப் பத்துப் பேரின் ஹக்கு. நூறு பேருக்கு மேலாளாக இருப்பவருக்கு நூறு பேரின் ஹக்கு. பதவி உயர உயர மறுமைக் கணக்கும் நீளும். ஆகவே பொறுப்பில் இருப்பவர் தம்மைத் தாமே அறிந்து, தம் மன அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து, அன்றாடம் கணக்குப் பார்க்கும் வழியை இப்பாடத்தில் காண்போம்.

நம் வட்டாரத்தின் நிலை

சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லையை நெருங்கும் இடத்தில் இருக்கிறது கும்மிடிப்பூண்டி. 1971ஆம் ஆண்டில் சிப்காட் நிறுவனம் தொடங்கப்பட்ட பின் தமிழகத்தில் எழுந்த தொழில் வளாகங்களில் இதுவும் ஒன்று. பழைய இரும்பை உருக்கும் உலைகளும், கம்பி உருட்டும் ரோலிங் மில்களும், மோட்டார் வண்டிகளின் உதிரி பாகங்கள் செய்யும் ஆலைகளும் இங்கே உண்டு. அருகே தேர்வாய்கண்டிகையிலும் சிப்காட் வளாகம் இருக்கிறது. மாவட்டத்திலேயே காக்களூர், திருமழிசை தொழிற்பேட்டைகள். எல்லை தாண்டினால் ஸ்ரீசிட்டி.

மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை வழியாக ஓடும் மின்சார ரயிலில் காலையும் மாலையும் இரவும் ஷிப்டுக்குப் போகிறவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்துப் பிட்டராகவோ எலக்ட்ரீசியனாகவோ சேர்கிறார்கள். சில ஆண்டுகளில் கையில் ஒரு லாக் புக்கும், தலையில் வேறு நிறத் தொப்பியும் வந்து, சூப்பர்வைசர் என்று பெயரும் வந்துவிடுகிறது. இயந்திரத்தை அறிந்தவர் என்பதற்காகப் பதவி கொடுக்கிறார்கள். ஆனால் அன்று முதல் அவர் கையாள வேண்டியது மனிதர்களை. அதை அவருக்கு யாரும் கற்றுக் கொடுப்பதில்லை.

மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பார்கள். நடுவில் நிற்கும் மேற்பார்வையாளரின் நிலை அதுதான். மேலிருந்து, இன்றைக்கு இத்தனை டன் வரவேண்டும் என்று நெருக்குதல். கீழே இரண்டு பேர் வரவில்லை, ஒருவருக்குக் காய்ச்சல், கிரேன் பாதியில் நின்றுவிட்டது. உலையின் அனல் ஒருபுறம், சித்திரை வெயில் மறுபுறம். வேலையாட்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். அவர் சொல்வது இவருக்கும், இவர் சொல்வது அவருக்கும் பாதிதான் விளங்கும். விளங்காத இடத்தில் சத்தம் உயர்கிறது. அப்போது வாயில் வருவது எதுவோ அதுதான் அவருடைய உள்ளத்தில் இருப்பது.

இதில் பணயமாக இருப்பது மரியாதை மட்டுமன்று, உயிரும்தான். உலையில் போடும் பழைய இரும்பில் ஈரமோ, மூடிய குப்பியோ, உருளையோ கலந்துவிட்டால் உருகிய இரும்பு வெடித்துச் சிதறும். ஆகவே பொறுக்கிப் பிரித்துத்தான் போடவேண்டும். அவசரத்தில் இருக்கும் மேற்பார்வையாளர், "பார்த்தது போதும், போடு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். திட்டு வாங்கிப் பழகிய தொழிலாளி, தப்பு என்று தெரிந்தும் வாய் திறக்க மாட்டான். அதிகாரியின் கோபத்துக்குப் பயந்த மௌனம் ஆலையில் பெரிய ஆபத்து.

பதவி ஓர் அமானத்

ஒவ்வொருவரும் மேய்ப்பர், ஒவ்வொருவரும் தம் மேய்ச்சலைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற கருத்துள்ள ஹதீஸை நாம் ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அதை ஆட்சியாளர்களுக்குச் சொன்னதாக எண்ணிக்கொள்கிறோம். எட்டு மணி நேர ஷிப்டில் ஆறு பேரை வைத்து வேலை வாங்குபவரும் அந்த எட்டு மணி நேரத்துக்கு மேய்ப்பரே.

ஹழ்ரத் அபூதர் (ரலி) அவர்களின் வாழ்வில் நடந்த இரு நிகழ்ச்சிகள் இங்கே நமக்குப் பெரும் படிப்பினை. வாய்மையிலும் பற்றற்ற வாழ்விலும் அவர்களுக்கு நிகர் சொல்வது அரிது. அப்படிப்பட்டவர்கள் தமக்கு ஒரு பொறுப்புத் தரும்படி நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களுடைய தோளில் தட்டி, நீர் பலவீனர், இப்பதவியோ ஓர் அமானத், உரிய முறையில் ஏற்று உரிய கடமையை நிறைவேற்றியவருக்கன்றி மற்றவர்க்கு மறுமையில் இது இழிவும் கைசேதமும் ஆகிவிடும் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். இதுவும் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

இதிலிருந்து நாம் பெறவேண்டியது என்ன? நல்லவராக இருப்பது வேறு, பொறுப்புக்குத் தக்கவராக இருப்பது வேறு. தம் பலவீனம் எது என்று அறியாமல் பதவியில் உட்காருபவர், அதே பலவீனத்தால் பிறரை வதைப்பார். ஒருவருக்குக் கோபம் பலவீனம். இன்னொருவருக்கு மேலதிகாரியிடம் "முடியாது" என்று சொல்லத் தெரியாமை பலவீனம். வேறொருவருக்குப் புகழாசை. தன் நோயை அறிந்தவனுக்கே மருந்து பயன்படும்.

இரண்டாவது நிகழ்ச்சி இன்னும் கூர்மையானது. ஹழ்ரத் அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைக் குறித்துப் பழித்துப் பேசிவிட்டார்கள். செய்தி நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியது. உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறது என்ற பொருளில் கண்டித்தார்கள். உங்கள் கீழ் இருப்போர் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதை அவர்களுக்கு உண்ணக் கொடுங்கள். உடுப்பதை உடுக்கக் கொடுங்கள். சக்திக்கு மீறிய வேலையை ஏவாதீர்கள். ஏவினால் நீங்களும் கைகொடுங்கள் என்று கற்றுக்கொடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது வந்துள்ளது.

ஈமான் கொண்டு, நபியவர்களின் அருகிலேயே வாழ்ந்த ஒரு ஸஹாபியின் உள்ளத்திலும் பழைய வேர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கோபம் வந்தபோதுதான் அது வெளியே தெரிந்தது. தெரிந்தவுடன் அவர்கள் என்ன செய்தார்கள்? பிற்காலத்தில் ரபதா என்னும் ஊரில் அவர்களைக் கண்டவர்கள், எசமானரும் பணியாளும் ஒரே விதமான உடையில் இருக்கக் கண்டு வியந்து காரணம் கேட்டார்கள். அப்போதுதான் இந்த வரலாற்றையே அபூதர் (ரலி) அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். ஒரு கண்டனம் ஓர் ஆயுளின் பழக்கத்தை மாற்றிவிட்டது. நம்முடைய ஆலைகளில் எத்தனை பேர் வாயில் அந்த அறியாமைக் காலம் இன்றும் வாழ்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இமாம் கஸ்ஸாலிக்கு நேர்ந்தது

மன அழுத்தம் ஈமான் குறைந்தவர்களுக்குத்தான் வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். இது தவறு. இமாம் அபூஹாமித் அல் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வரலாறு இதற்குச் சான்று.

தூஸ் நகரில் 1058இல் பிறந்த இமாமவர்கள், 1091இல் பக்தாதின் நிழாமிய்யா கலாசாலைக்குத் தலைமை ஆசிரியராக நியமிக்கப்பட்டார்கள். அப்போது வயது முப்பத்து மூன்று. முந்நூறு மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்டார்கள். அரசவையில் மதிப்பு, நாடெங்கும் புகழ். ஆனால் தம் உள்ளத்தை உற்று நோக்கியபோது, தாம் பாடம் சொல்வது அல்லாஹ்வுக்காக மட்டும் அன்று, பெயரும் பதவியும் அதில் கலந்திருக்கின்றன என்று கண்டார்கள். விட்டுவிடலாமா, இருக்கலாமா என்று ஏறக்குறைய ஆறு மாதம் உள்ளுக்குள் போராட்டம். ஹிஜ்ரி 488, அதாவது 1095ஆம் ஆண்டில், பாடம் சொல்ல நாக்கு எழவில்லை. உணவு இறங்கவில்லை. உடல் நலிந்தது. வைத்தியர்கள் பார்த்துவிட்டு, நோய் உள்ளத்திலிருந்து உடலுக்கு வந்திருக்கிறது, உள்ளக் கவலை தீராமல் மருந்து பலிக்காது என்று கைவிரித்தார்கள். இவற்றையெல்லாம் இமாமவர்களே தம் நூலொன்றில் ஒளிவுமறைவின்றி எழுதி வைத்திருக்கிறார்கள்.

குடும்பத்துக்குத் தேவையானதை ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றதைப் பகிர்ந்தளித்துப் பக்தாதை விட்டுப் புறப்பட்டார்கள். டமாஸ்கஸிலும் பைத்துல் முகத்தஸிலும் தங்கினார்கள், ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள். பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 1106இல், நைசாப்பூரில் மீண்டும் பாடம் சொல்ல அமர்ந்தார்கள். வேலை பழைய வேலைதான். அதைச் செய்யும் மனிதர்தான் மாறியிருந்தார். 1111இல் தூஸிலேயே அவர்கள் காலம் நிறைவுற்றது.

நம்மால் அப்படி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போக முடியாது. வாடகையும் பள்ளிக்கூடக் கட்டணமும் வட்டியில்லாத கடன் தவணையும் காத்திருக்கின்றன. போகவும் வேண்டியதில்லை. அந்தப் போராட்டத்துக்குப் பின் இமாமவர்கள் இஹ்யாவில் வகுத்துத் தந்த வழி, இருந்த இடத்திலேயே நாள்தோறும் செய்யக்கூடியது.

ஷிப்டுக்கு ஆறு படிகள்

இஹ்யாவின் நான்காம் பகுதியில் முராகபா, முஹாஸபா பற்றிய பாடம் ஒன்று உண்டு. அதில் இமாமவர்கள் வியாபாரத்தை உவமையாகக் காட்டுகிறார்கள். அறிவுதான் வியாபாரி. நஃப்ஸ் அவனுடைய கூட்டாளி. ஆயுள்தான் முதல். கூட்டாளியிடம் முதலைக் கொடுப்பவன் முன்கூட்டியே நிபந்தனை பேசுவான். வேலை நடக்கும்போது கண்காணிப்பான். முடிவில் கணக்குப் பார்ப்பான். குறைந்தால் ஈடு கேட்பான். நஃப்ஸிடமும் அப்படியே நடந்துகொள்ள ஆறு படிகள். ஷிப்டு வேலைக்கு இவை அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்துகின்றன.

1. முஷாரத்தா — நிபந்தனை பேசுதல். வேலைக்குப் புறப்படுமுன், தொழுகை விரிப்பிலேயே இரண்டு நிமிடம். வழியில் ரயிலிலும் செய்யலாம். "இன்று என் நாவால் எவருடைய தாயும் ஏசப்படக் கூடாது. ஆள் குறைவென்று பாதுகாப்பைக் குறைக்க மாட்டேன். நடக்காததை லாக் புக்கில் எழுத மாட்டேன்." இம்மூன்று போதும். அதிகம் பேசினால் ஒன்றும் நிற்காது.

2. முராகபா — கண்காணித்தல். அல்லாஹ் பார்க்கிறான் என்ற உணர்வோடு தம்மைத் தாம் பார்ப்பது. கோபம் திடீரென வெடிப்பதில்லை; அடையாளம் காட்டிவிட்டுத்தான் வருகிறது. தாடை இறுகும், மூச்சு குறுகும், குரல் தானாக உயரும், எல்லாரும் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று மனம் சொல்லும். இயந்திரத்தின் சத்தம் மாறினால் உடனே கண்டுபிடிக்கிறவர், தம் மூச்சு மாறுவதைக் கண்டுபிடிக்கக் கூடாதா? அந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இப்போது நான் பேசப் போவது வேலை சரியாக நடப்பதற்கா, என் மனம் ஆறுவதற்கா?

3. முஹாஸபா — கணக்குப் பார்த்தல். ஷிப்டு முடிந்ததும் எத்தனை ஹீட் எடுத்தோம், எங்கே நின்றது, ஏன் நின்றது என்று எழுதி அடுத்தவரிடம் ஒப்படைக்கிறோம். அதேபோலச் சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டு. இன்று யாரை நோகடித்தேன்? யாருடைய நல்ல வேலையைப் பாராட்டாமல் விட்டேன்? எவருடைய தவற்றை இன்னொருவர் மேல் போட்டேன்? எனக்கு அழுத்தம் எந்த நேரத்தில், எதனால் ஏறியது? எந்தத் தொழுகை தாமதமாயிற்று? ஒரு மாதம் எழுதிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். கோபம் பெரும்பாலும் ஷிப்டு மாறும் வேளையிலா, பசி நேரத்திலா, மேலதிகாரியின் டெலிபோன் வந்த பிறகா என்பது கையெழுத்தில் தெரியும். தெரிந்த எதிரியைச் சமாளிக்கலாம்.

4. முஆகபா — ஈடு கட்டுதல். முன்னோர்கள் தங்கள் நஃப்ஸுக்குக் கடும் தண்டனைகள் விதித்திருக்கிறார்கள். நமக்கு எளியதும் பயனுள்ளதும் போதும். நாலு பேர் முன்னால் ஏசியிருந்தால், அதே நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்பது. தனியே அழைத்துத் தோளில் தட்டுவது போதாது. அவமானம் பொதுவில் நடந்ததல்லவா? அத்துடன் ஒரு தொகை ஸதகா. உடலை வருத்தும் தண்டனை வேண்டாம். உலை முன்னால் நிற்பவர் தாமாக உடலை நலிவித்துக்கொண்டால், அது அவருக்கும் மற்றவருக்கும் ஆபத்து.

5. முஜாஹதா — விடாமுயற்சி. நஃப்ஸ் எதைத் தட்டிக் கழிக்கிறதோ அதை வலிந்து செய்வது. வடநாட்டுத் தொழிலாளரின் மொழி விளங்கவில்லையென்றால், நாளுக்கு ஒரு சொல்லாக அவர் மொழியைக் கற்பது. நிறுத்து, விலகு, சூடு, தண்ணீர் ஆகிய நான்கு சொற்களே பல விபத்துகளைத் தடுக்கும். வாரம் ஒருமுறை அவர்களோடு உட்கார்ந்து தேநீர் அருந்துவது. பெயர் சொல்லி அழைப்பது.

6. முஆதபா — நஃப்ஸைக் கடிந்துகொள்ளுதல். இது தன்னைத் தானே சபிப்பதன்று. "நேற்றும் இதையே சொன்னாய், இன்றும் செய்தாய், நாளை எந்த முகத்தோடு ரப்பின் முன் நிற்பாய்?" என்று தனிமையில் கேட்பது. கேட்ட பின் தவ்பா. தவ்பாவுக்குப் பின் நிராசை இல்லை. அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழப்பதே தனியொரு பாவம் என்பதை மறக்கலாகாது.

கோபம் வந்த நேரத்தில்

கோபம் வந்தால் நிற்பவர் உட்காரவேண்டும். அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளவேண்டும் என்பது அபூதாவூதில் வந்துள்ள நபிவழி. உளூச் செய்யும்படியும் அதே நூலில் வந்துள்ளது. ஆலையில் படுக்க முடியாது. உட்காரலாம், குழாயடிக்குப் போகலாம். முகத்திலும் கையிலும் தண்ணீர் பட்டு, நாலடி நடந்து திரும்பும்போது, சொல்லவிருந்த சொல் பாதி செத்திருக்கும்.

மல்யுத்தத்தில் வீழ்த்துபவன் அன்று, கோபத்தில் தன்னை அடக்குபவனே பலசாலி என்ற கருத்துள்ள ஹதீஸ் பிரபலமானது. அவ்வளவு பிரபலம் இல்லாத இன்னொன்று, பொறுப்பில் இருப்போருக்கு இன்னும் நெருக்கமானது. கோபத்தில் இருக்கும்போது இருவரிடையே எவரும் தீர்ப்பளிக்கக் கூடாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ள செய்தி இது. காஜிக்குச் சொன்னது சூப்பர்வைசருக்கும் பொருந்தும். மெமோவில் கையெழுத்திடுவதும், ஒருவருடைய சம்பளத்தைப் பிடிக்கச் சொல்வதும், நாளை முதல் வராதே என்பதும் தீர்ப்புகளே. சூடு ஆறும்வரை பேனாவை மூடி வையுங்கள். ஒரு நாள் தாமதித்த மெமோவால் எந்த ஆலையும் மூடப்பட்டதில்லை.

934இல் மறைந்த அறிஞர் அபூஸைத் அல் பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒருசேர ஆராய்ந்து நூல் எழுதியவர். கோபம், பயம், துக்கம், விடாமல் வரும் வீண் எண்ணம் ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்துப் பேசியவர். உடல் நோய்க்கு மருந்தை முன்கூட்டியே வீட்டில் வைத்திருப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைத்து, கொதிக்கும் நேரத்தில் எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய யோசனை. காலையில் பேசிய நிபந்தனை அப்படிப்பட்ட மருந்துதான்.

தொழுகையும் ஷிப்டும்

இரவு பத்து மணிக்குத் தொடங்கிக் காலை ஆறு மணிக்கு முடியும் ஷிப்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மே, ஜூன் மாதங்களில் நம் பகுதியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். கார்டு அடித்துவிட்டு வெளியே வந்து தொழலாம் என்றால் ஃபஜ்ரு தவறிவிடும். ஆகவே ஆலைக்குள்ளேயே ஏற்பாடு வேண்டும்.

உலையை விட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் நகர முடியாது என்பது உண்மை. போர்க்களத்தில்கூட ஒரு சாரார் காவல் நிற்க, மறு சாரார் தொழுது, பின் மாறிக்கொள்ளும் முறையைச் சூரத்துன்னிஸாவின் 102ஆம் வசனம் கற்றுத் தருகிறது. ஆகவே முறை வைத்துத் தொழுங்கள். உங்கள் முறையில் உங்களுக்காக நின்ற மாற்றுமதச் சகோதரருக்கு, அவர் பண்டிகை நாளில் நீங்கள் நின்று கைமாறு செய்யுங்கள். தொழுகை என்று சொல்லி அரைமணி நேரம் காணாமல் போவதும் ஓர் அமானத் மோசடியே. பத்து நிமிட நிதானமான தொழுகை, கொதிக்கும் தலைக்கு ஆண்டவன் வைத்த இடைவேளை.

உடலுக்கும் ஹக்கு உண்டு

ஹழ்ரத் அபூதர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்தார்கள். அவர்களைக் காண வந்த ஹழ்ரத் ஸல்மான் (ரலி) அவர்கள், வீட்டுப் பெண்மணி தம்மைப் பேணாமல் இருப்பதைக் கண்டு நிலைமையைப் புரிந்துகொண்டார்கள். அபூதர்தாவை உண்ண வைத்து, இரவில் உறங்க வைத்து, பின்னிரவில் எழுப்பித் தம்மோடு தொழ வைத்தார்கள். இறைவனுக்கும், உமது உடலுக்கும், உம் வீட்டாருக்கும் உம்மீது ஹக்கு உண்டு. அவரவர் ஹக்கை அவரவருக்குக் கொடும் என்ற கருத்தில் அறிவுரை சொன்னார்கள். நாயகம் (ஸல்) அவர்களும் ஸல்மான் சொன்னது உண்மை என்று உறுதிப்படுத்தினார்கள். வணக்கத்துக்காகக்கூட உடலையும் வீட்டையும் புறக்கணிக்க அனுமதி இல்லையென்றால், ஓவர்டைமுக்காகப் புறக்கணிக்க அனுமதி ஏது?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டு நூலின் பதினோராம் பதிப்பில், நீடித்த வேலை அழுத்தத்தால் வரும் மனச்சோர்வு நிலையைக் குறிப்பிட்டு மூன்று அடையாளம் சொல்லியிருக்கிறது: சக்தியெல்லாம் வடிந்த களைப்பு, வேலைமீது வெறுப்பும் அலட்சியமும், தன்னால் ஒன்றும் ஆகாது என்ற எண்ணம். அதை நோய் என்று சொல்லாமல், வேலைச் சூழலில் விளையும் ஒரு நிலை என்றே குறித்திருப்பது கவனிக்கத்தக்கது. அப்படியானால் தம்மைத் திருத்துவதோடு சூழலையும் திருத்த வேண்டும்.

ஆகவே எல்லாக் குற்றத்தையும் தம் நஃப்ஸின் மேலேயே போட்டுக்கொள்வதும் சரியன்று. ஆறு பேர் வேலையை மூன்று பேரைக் கொண்டு முடிக்கச் சொன்னால், அது உங்கள் ஈமானின் குறை அன்று, கணக்கின் குறை. அதை மேலதிகாரியிடம் மரியாதையாக, எழுத்தில், எண்ணிக்கையோடு சொல்லுங்கள். எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் சிரமப்படுத்தாதவன் அல்லாஹ் என்று சூரத்துல் பகராவின் கடைசி வசனம் நமக்கு உணர்த்துகிறது. மனிதர்கள் சுமத்தும் போது, தாங்காது என்று சொல்வது பொறுமைக்கு விரோதமாகாது. மேலிருந்து வரும் சுமையை வடிகட்டாமல் அப்படியே கீழே கொட்டுபவர் தலைவர் ஆகமாட்டார்; வெறும் குழாய்.

தூக்கம் பல வாரங்களாக வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டுகிறது என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போகவேண்டும். ஓதிப் பார்ப்பதும் மருந்து உண்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவச மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இமாம் கஸ்ஸாலி அவர்களே வைத்தியரிடம் நாடி காட்டினார்கள் என்றால் நமக்கு என்ன வெட்கம்?

வீட்டாருக்கு

தாய்மார்களும் சகோதரிகளும் இப்பாடத்தில் பங்காளிகளே. ஷிப்டு முடித்து வருபவர் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே கடன்காரர் வந்ததையும் பிள்ளையின் மார்க்கையும் சொல்லத் தொடங்க வேண்டாம். முதல் அரைமணி நேரம் குளிக்கவும் தொழவும் உண்ணவும் விடுங்கள். இரவு ஷிப்டு முடித்தவர் பகலில் உறங்கும் அறையை இருட்டாக்கி, பிள்ளைகளை அமைதிப்படுத்துங்கள். அது அவருடைய இரவு.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆலையில் விழுங்கிய கோபத்தை வீட்டில் மனைவி மேலும் பிள்ளைகள் மேலும் கக்குபவருக்கு, ஆலையில் அடக்கியதற்குக் கூலி எங்கே? பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த ஹழ்ரத் அனஸ் (ரலி) அவர்களிடம் ஒருமுறைகூட நாயகம் (ஸல்) அவர்கள் 'சீ' என்று சொன்னதில்லை. இதை ஏன் செய்தாய், அதை ஏன் செய்யவில்லை என்று கேட்டதும் இல்லை. அனஸ் (ரலி) அவர்களே இதற்குச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். நாளை நம்மைப் பற்றிச் சாட்சி சொல்லப் போகிறவர்களும் நம் மனைவி மக்களும் நம் கீழே வேலை செய்தவர்களும்தான். வாரம் ஒருநாள் வீட்டாரிடமே கேளுங்கள்: "இந்த வாரம் என் பேச்சு எப்படி இருந்தது?" பதிலைக் கேட்டு முகம் சுளிக்காமல் இருப்பதே பாதி முஹாஸபா.

கணக்குக் கேட்கப்படுமுன் உங்களை நீங்களே கணக்குக் கேட்டுக்கொள்ளுங்கள் என்ற பொருளில் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக அறிவிக்கப்படுகிறது. இன்றைய ஷிப்டின் கணக்கை இன்றே முடித்துவிட்டால், நாளைக்குச் சுமை குறையும். ஏசப்பட்டவர் அருகிலேயே இருக்கிறார். மன்னிப்புக் கேட்க இன்று வாய்ப்பு இருக்கிறது. அவர் ஊர் திரும்பி ரயிலேறிவிட்டால், பிறகு சந்திப்பது மஹ்ஷர் மைதானத்தில்தான்.

யா அல்லாஹ்! எங்கள் கையின் கீழ் நீ ஒப்படைத்தவர்களுக்கு எங்களால் தீங்கு நேராமல் காப்பாயாக! எங்கள் குறைகளை எங்களுக்குக் காட்டித் தருவாயாக! எங்கள் நாவுகளை அடக்கி, எங்கள் நெஞ்சங்களுக்கு அமைதி தந்து, எங்கள் உழைப்பை ஹலாலான ரிஸ்க்காக ஆக்குவாயாக! ஆமீன்.